‘ஊட்டி – சென்னை இரண்டரை மணி நேரம்’ என்று விற்றால் வாங்காதீர்கள்

சீசனுக்கு ஊட்டி போய்விட்டு விமானத்தில் திரும்ப நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடை. வாசலில் போர்டு: ‘ஊட்டி – சென்னை, வெறும் இரண்டரை மணி நேரம்’. நீலகிரியில் விமான நிலையமே கிடையாது. கோவை பீளமேட்டுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அங்கிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம், சரி. மீதி? கடைக்காரர் செல்போனை நீட்டினார். ஊட்டியிலிருந்து விமான நிலையம் 56 கி.மீ. என்று ஏதோ ஒரு தளம் காட்டியது. “ஒரு மணி நேரத்துல இறக்கி விட்டுருவோம் சார், வண்டியும் நம்மளதுதான்.”

நாங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, மலை ரயிலில் மேலே ஏறியவர்கள். ரோட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. “எப்படி வந்தீங்க?” என்று பேச்சோடு பேச்சாக விசாரித்துக்கொண்ட பிறகுதான் அவர் ரேட்டே சொன்னார்.

டிக்கெட்டுக்கும் காருக்கும் சேர்த்து ஒரே தொகை. மதியம் 2.30 விமானத்துக்குப் பகல் 12 மணிக்குக் கார் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்.

டிரைவர் ரசீதைப் பார்த்ததும் தலையில் கைவைத்துவிட்டார். “இது மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்த தூரம் சார். நம்ம வண்டிக்கு றெக்கையா இருக்கு?” ரோட்டில் அது 90 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் மே மாதம்: மேலே வருகிற வண்டிகளுக்குக் குன்னூர் வழி, கீழே இறங்குபவர்களுக்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கி விடுகிறார்கள். தொட்டபெட்டா ஜங்ஷனைத் தாண்டவே முக்கால் மணி நேரம் போயிற்று. கோத்தகிரிக்கு அப்புறம் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர்தான். முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், அதை முந்த இடமில்லை. பின்சீட்டில் என் மகள் வாந்தி எடுக்க, அம்மா பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டே “மணி என்னடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். குஞ்சப்பனை செக்போஸ்டில் நிற்கும்போதே அந்த நேரம் தாண்டிவிட்டது. பீளமேடு போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது.

போன் போட்டால் கடைக்காரர், “நேரத்துக்குப் போறது பயணியோட பொறுப்பு சார்” என்கிறார். கார் அவருடையது, நேரம் குறித்தவர் அவர், பொறுப்பு மட்டும் என்னுடையதாம்! அன்றிரவு காந்திபுரத்தில் பஸ் பிடித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தோம். டிக்கெட்டை அப்புறம் நிதானமாகப் பார்த்தால், அதில் அச்சடித்திருந்த கட்டணமே நாங்கள் கொடுத்ததைவிடக் கணிசமாகக் குறைவு.

சீசனில் ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். கவுன்டர் மூடும் நேரம் அதற்கு மேல் தனிக்கணக்கு. டிக்கெட்டை நீங்களே எடுங்கள், காரைத் தங்குமிடத்தில் கேட்டு வையுங்கள். தளங்கள் காட்டும் தூரம் ரோட்டுத் தூரமா, நேர்கோட்டுத் தூரமா என்று பாருங்கள். மலைக்கு நேர்கோடு உதவாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: விமானத்தைத் தவறவிட்டாலும் பயன்படுத்தாத டிக்கெட்டில் உள்ள விமான நிலையக் கட்டணங்களைத் திரும்பக் கேட்கலாம். ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார். மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். நேரம் எழுதிய அந்த ரசீதுதான் என் கையிலிருக்கும் சாட்சி. அதனால் எதையும் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள்.