‘பல்ஸ்’ என்ற ஒரு சொல்லும் ரோஜேயின் தெசாரஸும்: ஒரு மதிப்புரை

ஓர் இணைச்சொல் களஞ்சியத்தின் தரத்தை அரிய சொற்களைக் கொண்டு அறிய முடியாது. அவற்றுக்கு இணைகளும் குறைவு, பிழை நேர இடமும் குறைவு. அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லை அது எப்படிக் கையாளுகிறது என்று பார்ப்பதே நல்ல சோதனை. அதனால் சீரான துடிப்பைக் குறிக்கும் ‘பல்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, ரோஜேயின் தெசாரஸ் என்னும் ஆங்கில இணைச்சொல் களஞ்சியத்தை இங்கே மதிப்பிடுகிறேன். பல பதிப்புகளில் நான் எடுத்துக்கொண்டது 1911ஆம் ஆண்டுப் பதிப்பு. இது ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நூலைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். 1805இல் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தொடங்கிய சொற்பட்டியலை விரிவாக்கி, 1852இல், எழுபது வயதைக் கடந்த பிறகு வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துகளின் அடிப்படையில் ஆறு பெரும் வகுப்புகளாகவும், அவற்றுக்குள் ஆயிரம் தலைப்புகளாகவும் பிரித்ததே அவருடைய பெரும் பங்களிப்பு. சொல் தெரிந்து பொருள் தேடுபவருக்கு அகராதி இருக்கிறது. பொருள் மனத்தில் நின்றும் சொல் கிடைக்காமல் தவிப்பவருக்காக எழுந்தது இந்த நூல்.

இந்த வகைப்பாட்டின் அருமை ‘பல்ஸ்’ என்ற சொல்லில் நன்றாகப் புலப்படுகிறது. 138ஆம் தலைப்பு கால ஒழுங்கில் மீண்டும் மீண்டும் நிகழ்வதைப் பற்றியது. அங்கே ‘பல்ஸ்’, ‘பீட்’, ‘ரிதம்’ ஆகியவை ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. அதே ‘பல்ஸ்’ 314ஆம் தலைப்பில், ஊசலாட்டத்தையும் அதிர்வையும் குறிக்கும் சொற்களோடு மீண்டும் வருகிறது. அடுத்த தலைப்பான 315 ஒழுங்கற்ற அசைவுக்கு உரியது; ‘த்ராப்’, ‘பால்பிடேட்’, ‘ஃப்ளட்டர்’ போன்றவை அங்கே இடம்பெறுகின்றன. இறுதியாக, உணர்ச்சிகளுக்கான வகுப்பில் 821ஆம் தலைப்பில் ‘த்ராப்’பும் ‘பால்பிடேஷ’னும் மறுபடியும் தோன்றுகின்றன. காலம், இயக்கம், கலக்கம், உணர்ச்சி என்று ஒரே துடிப்பு நான்கு முகம் காட்டுவதை, வேறு எந்த விளக்கமும் இன்றி, சொற்களை வைக்கும் இடத்தாலேயே உணர்த்திவிடுகிறார் ரோஜே. அகரவரிசைப் பட்டியல் எதுவும் இதைச் செய்ய முடியாது.

ஆனால் ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. 315ஆம் தலைப்பின் வினைச்சொற்களில் ‘த்ராப்’, ‘பல்சேட்’, ‘பீட்’, ‘பால்பிடேட்’ ஆகிய நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. எது எங்கே பொருந்தும் என்று ஒரு வரிகூட இல்லை. இதயம் தன் இயல்பில் துடிப்பதைச் சொல்ல ‘பீட்’ போதும். காயமோ தலையோ விண்விண்ணென்று தெறிக்கும்போது ‘த்ராப்’ என்றே சொல்ல வேண்டும்; அங்கே ‘பீட்’ என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவருக்கு உடனே உறுத்தும். ‘பால்பிடேட்’ படபடப்புக்கு உரியது. அதன் பெயர்ச்சொல்லான ‘பால்பிடேஷன்’, ஒருவர் தன் இதயத்துடிப்பைத் தானே உணரும் நிலையைக் குறிக்க மருத்துவர்கள் வழங்கும் சொல். ‘பல்சேட்’ என்பது விரிந்து சுருங்குவதற்கும் விட்டுவிட்டு ஒளிர்வதற்கும் பொருந்தும். விரிந்து சுருங்குவதால் ஒளி மாறும் செஃபீட் விண்மீன்களுக்கு அது இயல்பான சொல். பட்டியலில் அருகருகே இருப்பதால் இவற்றை ஒன்றின் இடத்தில் ஒன்றாக வைத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு.

மருத்துவ எழுத்தில் இந்தத் தவறு நடையின் குறையாக மட்டும் நின்றுவிடாது. ‘ஹார்ட் பீட்’ இதயத்தில் நிகழ்வது. ‘பல்ஸ்’ தமனியில் விரலுக்குத் தட்டுப்படுவது, நாம் நாடி என்பது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பு நிலையில், சில துடிப்புகள் போதிய குருதியைத் தள்ளாததால் மணிக்கட்டை எட்டுவதில்லை. அப்போது நாடி எண்ணிக்கை இதயத்துடிப்பின் எண்ணிக்கையைவிடக் குறைந்து காணப்படும். அதுபோலவே, கதைகளில் மெல்லிய படபடப்பைச் சொல்லும் ‘ஃப்ளட்டர்’, ‘ஏட்ரியல் ஃப்ளட்டர்’ என்று வரும்போது தனியொரு நோய்நிலையின் பெயராகிவிடுகிறது. இத்தகைய எல்லைகளை இந்த நூல் எங்கும் வரைந்து காட்டுவதில்லை. பொருள் விளக்கம் தருவது அதன் நோக்கமும் இல்லை. எனினும், சொற்களின் எல்லை தெரியாதவர் கையிலும் இது போய்ச் சேரும் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பழமையும் ஒரு குறைதான். சீரான இடைவெளியில் துடிப்புகளாகக் கதிர்வீச்சு வந்துசேரும் விண்மீன் வகையான ‘பல்சார்’ கண்டறியப்பட்டது 1967இல். 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எதிர்பார்க்க முடியாது. மின்னணுவியலிலும் ஒளியியலிலும் ‘பல்ஸ்’ பெற்ற புதிய பொருள்களை அறிய, பின்னர் திருத்தப்பட்ட பதிப்புகளை நாட வேண்டும். வழக்கொழிந்த சொற்களும் இதில் நிறைய இருக்கின்றன. படிக்க இனிமையானவை, இன்றைய கட்டுரையில் எடுத்தாள ஏற்றவை அல்ல.

இத்தனைக்குப் பிறகும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் படைப்பெழுத்தில் ஈடுபடுவோருக்கும் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருப்பவர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் கற்போர் அகராதி ஒன்றை உடன் வைத்துக்கொள்ளாமல் இதிலிருந்து எந்தச் சொல்லையும் எடுக்க வேண்டாம். அச்சுப் பிரதி வாங்குவோர், இறுதியில் அகரவரிசைச் சுட்டி முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பிரதியில் 138இலிருந்து 821க்குப் போகும் வழி எளிதில் புலப்படாது.