லேடெக்கில் மேற்கோள் தகராறுகள்: பல வருடப் பயன்பாட்டில் கண்டவை

ஆய்வுக் கட்டுரைகளைப் பல வருடங்களாக லேடெக் (LaTeX) என்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருளில்தான் எழுதுகிறேன். சமன்பாடோ அட்டவணையோ மேற்கோள் அளவுக்கு என் நேரத்தைத் தின்றதில்லை. மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் தடித்த கேள்விக்குறி வந்து நிற்கும். உடனே கட்டுரைக் கோப்பைக் குடையத் தோன்றும். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது.

லேடெக் முதல் ஓட்டத்தில், எந்தெந்த மேற்கோள்கள் வேண்டும் என்று ஆக்ஸ் (.aux) என்ற துணைக் கோப்பில் குறித்து வைக்கும். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக் (BibTeX) நிரல் அதைப் படித்து, நாம் சேர்த்துவைத்த பிப் (.bib) கோப்பிலிருந்து விவரங்களை எடுத்து, பட்டியல் அடங்கிய பிபிஎல் (.bbl) கோப்பை உருவாக்கும். அப்புறம் லேடெக்கை இரண்டு முறை ஓட்ட வேண்டும். இதில் ஒரு படி விட்டுப்போனாலும் கேள்விக்குறிதான். லேடெக்எம்கே (latexmk) என்ற கருவி இருந்தால் இந்த ஓட்டங்களை அதுவே கவனித்துக்கொள்ளும்.

எல்லாம் ஓட்டியும் கேள்விக்குறி போகவில்லையா? பிப்டெக் தன் பிழைச் செய்திகளை எழுதும் பிஎல்ஜி (.blg) கோப்பைத் திறந்து பாருங்கள். பலரும் எட்டிக்கூடப் பார்க்காத கோப்பு அது. பதில் அநேகமாக அதில்தான் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனம். பிப் கோப்பில் ஆண்டு வரியின் கடைசியில் காற்புள்ளி விட்டுப்போனால், பிப்டெக் அதற்கு அடுத்த வரியின் எண்ணைத்தான் காட்டும். அந்த வரியில் எந்தக் குறையும் இருக்காது. ஒரு வரி மேலே பாருங்கள்.

இன்னொரு தொல்லை, இதழின் பெயரில் வரும் '&' குறி. அதற்கு முன்னால் பின்சாய்கோடு இல்லையென்றால் லேடெக் தடுக்கி நின்றுவிடும். பிப் கோப்பில் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினாலும் அதே பிழை வரும், ஏனென்றால் பழைய பிபிஎல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதையும் ஆக்ஸையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

இணையத்திலிருந்து தரவிறக்கும் பதிவுகளை நான் அப்படியே நம்புவதில்லை. ஆசிரியர்களை 'அண்ட்' (and) போட்டுப் பிரிக்காமல் காற்புள்ளியால் பிரித்திருப்பார்கள், பிப்டெக் குழம்பிப்போகும். நிறுவனமே ஆசிரியர் என்றால் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடாவிட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். பிளெயின் (plain) என்ற பட்டியல் பாணியில் கட்டுரைத் தலைப்பின் பெரிய எழுத்துகள் சிறியதாகிவிடும், 'டிஎன்ஏ' போன்ற சுருக்கங்கள் உட்பட. அவற்றை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் தப்பிக்கும்.

பிப்டெக் 1985இல் வந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அகரவரிசைப்படுத்துவதில் அது திணறும். அதனால் ஆய்வேடு மாதிரிப் பெரிய வேலைக்கு பிப்டெக்குக்கு மாற்றாக வந்த பிப்லேடெக் (biblatex) தொகுதியும் அதோடு ஓடும் பைபர் (biber) நிரலும்தான் என் தேர்வு. யூனிகோடை நன்றாகவே கையாளும். ஆனால் இதழ் தன் சொந்த பிஎஸ்டி (.bst) பாணிக் கோப்பைக் கொடுத்துவிட்டால் பிப்டெக்குக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

பைபரில் ஒரு சிக்கல் உண்டு. பிப்லேடெக் ஒரு பதிப்பிலும் பைபர் வேறு பதிப்பிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. மேற்கோள் ஒன்றுகூட வராது. கையால் ஒன்றை மட்டும் புதுப்பிக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். இரண்டையும் சேர்த்தே புதுப்பியுங்கள். கூட்டாக எழுதுகிறீர்கள் என்றால், எந்த வருட டெக்லைவ் (TeX Live, இந்த நிரல்கள் எல்லாம் அடங்கிய தொகுப்பு) என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.