ரேஷன் கடையா, வங்கியா, கைப்பேசியா, மன்றமா: பெருந்தொற்றில் பெண்களுக்கு உதவி சேர்ந்த வழிகள்

2020 ஏப்ரல் முதல் வாரம். எங்கள் பகுதி ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள், வட்டத்துக்கு ஒருவர். நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் டோக்கன், தோளில் பை, முந்தானையால் மூடிய வாய். இரண்டு தெரு தள்ளி வங்கி வாசலில் இன்னொரு வரிசை. ரேஷன் கடையில் மாநில அரசின் 1,000 ரூபாய், வங்கியில் மத்திய அரசின் 500 ரூபாய். காலையில் இங்கே நின்ற அக்காக்கள் சிலர் மதியம் அங்கேயும் நின்றார்கள். சிலருக்கு ஒரு வரிசைதான் வாய்த்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உதவி போய்ச் சேர எது நல்ல வழி என்று கேட்டால், திட்டம் நடத்தியவர்கள் எத்தனை கோடிப் பேருக்கு அனுப்பினோம் என்று கணக்குச் சொல்வார்கள். நான் பார்க்க விரும்புவது, அந்த வழியில் வெளியே நின்றவர் யார் என்பதை.

முதலில் வங்கி. 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு அறிவித்த கரீப் கல்யாண் நிவாரணத் தொகுப்பில், ஜன்தன் கணக்கு வைத்திருந்த 20 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் என மூன்று மாதம், மாதம் 500 ரூபாய். நேரடியாகப் பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போவது நல்ல எண்ணம், அதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டம் சேராமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்துக் கொடுத்ததும் சரிதான். ஆனால் ஜன்தன் கணக்கு இருந்தால்தான் பணம். ஒரே தெருவில் ஒரே வறுமையில் இருந்து, சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஏப்ரலிலேயே கணக்குப் போட்டு, இந்தியாவின் ஏழைப் பெண்களில் பாதிக்கு மேல் இதில் விடுபடக்கூடும் என்று எச்சரித்தார்கள். தொகையும் சிறிது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 256 ரூபாய். ஒரு மாதத்துக்கு வந்த 500 ரூபாய், இரண்டு நாள் கூலிக்கும் 12 ரூபாய் குறைவு. பஸ் ஓடாத நாட்களில் அதை எடுக்கப் பல மைல் நடந்தவர்கள் உண்டு.

ரேஷன் கடை வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்ற சல்லடை இல்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகள், நடந்து போகும் தூரத்தில் கடை, முகம் தெரிந்த விற்பனையாளர். 2020இல் 1,000 ரூபாயோடு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல் கிடைத்தன. 2021 இரண்டாம் அலையில் 4,000 ரூபாய் இரண்டு தவணையாக, அப்புறம் 14 மளிகைப் பொருள் அடங்கிய பை. பணம் ரொக்கமாகக் கையில் வந்தது. பின் எண் வேண்டாம், ஏடிஎம் வேண்டாம், படிவம் நிரப்பித் தர ஆள் தேட வேண்டாம். இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் யோசிக்காமல் ரேஷன் கடை என்பேன். நெருக்கடி வந்த பிறகு யார் ஏழை என்று பட்டியல் தேடுவதற்கும், ஏற்கெனவே எல்லோரையும் உள்ளே வைத்திருக்கும் அமைப்பைப் பயன்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆனால் ரேஷன் அட்டை குடும்பத்துக்குரியது, பெண்ணுக்குரியது அல்ல. கணவன் விட்டுப் போய் அம்மா வீட்டில் இருப்பவரின் பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையில் இருக்கும். அந்த 1,000 ரூபாய் அங்கேதான் போகும். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் விடுதிகளில் தங்கி வேலை பார்த்த வெளிமாநிலப் பெண்களுக்கு இந்த ஊர் அட்டையே கிடையாது. வீட்டுக்குள் வந்த ரொக்கம் வீட்டுக்குள் யாரிடம் நின்றது என்பது இன்னொன்று. 2021இல் இரண்டாம் தவணை 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது ஜூன் 15. அதற்கு முந்தைய நாள், ஜூன் 14 அன்று, 27 மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் மீண்டும் திறந்தன. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நிவாரணத்தை மதிப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். ஒரு வாரம் தள்ளித் திறந்திருந்தால்கூட பல வீடுகளில் அந்தப் பணம் வேறு விதமாகச் செலவாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

குடும்பத்துக்கா, ஆளுக்கா என்ற இந்தச் சிக்கலுக்கு நேரான பதில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. டோகோ சின்ன நாடு. 2020 ஏப்ரல் 8 அன்று அங்கே 'நோவிசி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எவே மொழியில் அதற்கு ஒற்றுமை, கைகொடுத்தல் என்று பொருள். கைப்பேசியில் ஒரு குறியீட்டை அழுத்தி வாக்காளர் அட்டை எண்ணைப் பதிந்தால் போதும். தகுதி இருந்தால் பணம் கைப்பேசிக் கணக்குக்கே வந்துவிடும். ஸ்மார்ட்போன் தேவையில்லை, வரிசை இல்லை, அதிகாரி முகத்தைப் பார்க்கவே வேண்டாம். குடும்பத் தலைவர் என்ற பேச்சும் இல்லை. ஆள் ஆளுக்குத்தான் பணம். ஆணுக்கு மாதம் 10,500 பிராங்க், பெண்ணுக்கு 12,250 பிராங்க். அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 35,000 பிராங்கில் முறையே 30 சதவீதம், 35 சதவீதம். சமைப்பதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் பெண்கள்தான் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் என்று அரசே வெளிப்படையாகச் சொன்னது. பயன்பெற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

மனம் கொள்ளை போகும் ஏற்பாடு. அங்கேயும் கைப்பேசி இல்லாதவர், வாக்காளர் அட்டை இல்லாதவர் வெளியேதான். நம் ஊரில் இதை அப்படியே கொண்டுவந்தால், வீட்டில் உள்ள ஒரே போன் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கும். ஆனாலும் பெண்ணை ஒரு குடும்பத்தின் பகுதியாகப் பார்க்காமல் தனி ஆளாகப் பார்த்துப் பணம் கொடுத்த அந்த ஓர் அம்சத்தில், நம் இரண்டு வழிகளையும் விட டோகோ முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் பெயரிலேயே மாதம் 1,000 ரூபாய் தரும் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பர் 15 அன்று. அது 2020இல் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கேரளம் எடுத்த வழி மகளிர் குழு. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பின் உறுப்பினர்களுக்கு மொத்தம் 2,000 கோடி ரூபாய் கடன், ஆளுக்கு 20,000 ரூபாய் வரை, வட்டியை அரசு ஏற்றுக்கொண்டது. அதே குழுக்கள் சமுதாயச் சமையற்கூடங்களிலும் வேலை செய்தன. குழுவின் பலம் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அந்தப் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் கடன் கடன்தான். வேலை போன மாதத்தில் கொடுக்கும் கடனை நிவாரணம் என்ற கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்புக்கு அனுமதி கொடுத்தபோதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிறுகடன் வாங்கிய பெண்களின் வீட்டு வாசலுக்கு வசூலுக்கு ஆள் வந்த கதைகளை நம் மாவட்டங்களில் கேட்காதவர் இல்லை.

இதுவரை சொன்ன எல்லா வழியும் வளர்ந்த பெண்களுக்கானது. வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, குழு உறுப்பினர் என்று எதை எடுத்தாலும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அதில் நேரடியான இடம் இல்லை. அவளுக்கென்று இருந்த இடம் பள்ளிக்கூடம். மதிய உணவு அங்கே. 'புது யுகம்' திட்டத்தின் இலவச நாப்கினும் அங்கே. இரண்டு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் டீச்சரும் அங்கேதான். 2020 மார்ச்சில் அதை மூடினோம். அம்மா கைக்குப் பணம் வந்தால் மகளும் பாதுகாப்பாக இருப்பாள் என்று எல்லா மதிப்பீடுகளும் எடுத்துக்கொள்கின்றன. அப்படித்தானா?

இதற்கு நான் அறிந்த தெளிவான பதில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் இருக்கிறது. அங்கே 2014இல் எபோலா பரவுவதற்குச் சற்று முன்பு, வங்கதேசத்தின் பிராக் அமைப்பு வளரிளம் பெண்களுக்கான மன்றங்களைத் தொடங்கத் திட்டமிட்டு, 200 கிராமங்களில் அடிப்படைக் கணக்கெடுப்பை நடத்தியிருந்தது. குலுக்கல் முறையில் 150 கிராமங்களுக்கு மன்றம், 50 கிராமங்களுக்கு இல்லை. பெண்கள் மட்டும் ஒன்றுகூட ஓர் இடம், வழிகாட்ட அதே ஊர்ப் பெண் ஒருவர், உடல் பற்றியும் வாழ்க்கை பற்றியும் பேச்சு, கொஞ்சம் தொழிற்பயிற்சி. அவ்வளவுதான். பிறகு நோய் வந்தது, பள்ளிகள் 2015 ஏப்ரல் வரை மூடிக் கிடந்தன.

நோய் முடிந்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். மன்றம் இல்லாத, நோயால் மிகவும் சீர்குலைந்த ஊர்களில், 12 முதல் 17 வயதுப் பெண்கள் ஆண்களோடு கழித்த நேரம் கூடியிருந்தது. திருமணமாகாமல் கருவுற்றவர்கள் அதிகரித்திருந்தார்கள். பள்ளியில் சேர்ந்திருந்த பெண்களின் பங்கு சுமார் 16 சதவீதப் புள்ளி சரிந்திருந்தது. மன்றம் இருந்த ஊர்களில் இந்தச் சேதத்தின் பெரும்பகுதி தடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு ஓர் இடமும், அங்கே கூடக் கொஞ்ச நேரமும் இருந்ததுதான் அதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது.

கருவுற்ற பெண்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று அந்த அரசு 2015இல் போட்ட தடை, பாதிக்கப்பட்டவர்களை இன்னொரு முறை தண்டித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதைத் தவறு என்றது. 2020 மார்ச் 30 அன்று தடை நீங்கியது. மறுநாள் அந்நாட்டில் முதல் கொரோனா நோயாளி உறுதியானார்.

நம் பக்கத்தில் இதற்கு அருகே வருவது இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் தொடங்கியது. பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள், மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ வகுப்பு. இதை நன்றாக ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. பெருமைப்பட வேண்டிய முடிவு. ஆனால் அந்த ஆய்வு அளந்தது சின்னப் பிள்ளைகளின் கணக்கையும் மொழியையும். வகுப்புகளும் எட்டாம் வகுப்போடு நின்றன. பதினைந்து வயதில் கல்யாணம் பேசப்பட்டவளுக்கும் மில்லுக்கு அனுப்பப்பட்டவளுக்கும் அங்கே இடம் இல்லை. தொடங்கியதும் பள்ளி மூடிப் பத்தொன்பது மாதம் கழித்து. சியரா லியோன் மன்றங்கள் நெருக்கடியின்போதே இருந்தன. என் கணக்கில் அவை முன்னால் நிற்கக் காரணம் அந்த நேரம்தான்.

அப்புறம், எப்படிக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்து மதிப்பீடுகள் பெரும்பாலும் போனில் நடந்தன. போன் கணவரிடம் இருக்கும், ஸ்பீக்கரில் இருக்கும், பக்கத்தில் மாமியார் இருப்பார். "பணம் வந்ததா?" என்ற கேள்விக்கு அந்த நிலையில் பதில் கிடைக்கலாம். "வீட்டில் அடி விழுகிறதா?" என்ற கேள்வியை அப்படிக் கேட்பதே ஆபத்து. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கும் இதே தடைதான். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 2020 மார்ச்சில், மருந்துக் கடையில் போய் "மஸ்காரியா 19", அதாவது 'முகக்கவசம் 19' என்று சொன்னால் கடைக்காரர் அவசர உதவி எண்ணை அழைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஊரடங்கிலும் பெண் வெளியே போக அனுமதி இருந்த இடம் அது. நம் ஊரில் அந்த இடம் ரேஷன் கடை. மாதம் ஒருமுறையாவது அவள் தனியாக வந்து நிற்கும் இடம்.

அடுத்த முறைக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பணத்துக்கு ரேஷன் கடையும் உரிமைத் தொகைக் கணக்கும். பெண் பிள்ளைகளுக்கு, பள்ளி மூடும் அன்றே திறக்கும் ஊர் மன்றம், அதுவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை. கடன் வேண்டாம். போன முறையைச் சரியாக மதிப்பிட இன்னும் வழி இருக்கிறது. நம் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறைப் பதிவேட்டில் தனி அடையாள எண் உண்டு. 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பில் இருந்த பெண்களை எடுத்துக்கொண்டு, 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊர் ஊராகப் பார்க்கலாம். வராதவர்களின் வீட்டுக்கு ஒரு பெண் நேரில் போய், அவளோடு தனியாக உட்கார்ந்து கேட்கலாம்.