டயோட் அரே ஒய்ஏஜி மார்க்கிங் மெஷின்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில வருஷக்கணக்கா ஓட்டுன அனுபவம்

கொலுசு கொக்கி, குங்குமச்சிமிழ், வெள்ளித்தட்டுல பேரு போடுறதுதான் நம்ம வேலை. மெஷின் பழைய மாடல் லேசருங்க, 808 நானோமீட்டர் ஒளி விடுற டயோட் அரே (வரிசையா அடுக்குன லேசர் டயோடுங்க) ஒய்ஏஜிங்கற படிக ராடை பம்ப் பண்ணும், அதாவது ஒளியால சக்தி ஏத்தும், வெளிய 1064 நானோமீட்டர் லேசர் வரும். இதை வச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், லைன் ஒரே ஆழத்துல விழல, பவர் ஆடுது, டயோட் போச்சான்னு. பெரும்பாலும் போயிருக்காதுங்க.

அரேல இருக்கற ஒரு டயோட் பார்ல வரிசையா நிறைய எமிட்டர், அதாவது ஒளி விடுற புள்ளி இருக்கு, ஒவ்வொண்ணும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்துல ஆளாளுக்குப் பேசுனா மொத்தமா ஒரே இரைச்சலாத்தான் கேக்கும், எல்லாரும் ஒண்ணா கை தட்டுனாத்தான் தனியாத் தெரியும்ல, அதே கதைதான். 25 எமிட்டர் தனித்தனியா ஆடுனா மொத்தத்துல அந்த ஆட்டம் அஞ்சுல ஒரு பங்கா அடங்கிடும். ஆனா கரண்ட்டும் தண்ணியும் எல்லாத்துக்கும் பொது, அதுல வர்ற நாய்ஸ், அதாவது ஆட்டம், அடங்கவே அடங்காது.

நமக்கு வந்தது அப்படித்தான். நீளமா ஒரு கோடு போட்டா 2 மில்லிமீட்டருக்கு ஒருதரம் அழுத்தம், நடுவுல வெளுப்பு. சர்வீஸ்க்கு வந்த தம்பி "அண்ணே, அரே மாத்திடலாம்"னாரு. ஸ்பீடு அப்ப செகண்டுக்கு 200 மில்லிமீட்டர், அதை 400 ஆக்குனேன், இடைவெளி 4 மில்லிமீட்டர் ஆயிடுச்சு. அப்படின்னா செகண்டுக்கு 100 ஆட்டம், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை ரெக்டிஃபை பண்ணா (ஏசியை டிசியா மாத்துனா) வர்ற ரிப்பிள், அதாவது ஏத்த இறக்கம் அது, டயோட் மேல தப்பே இல்ல. சப்ளையில ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருந்துச்சு, மாத்துனதும் கோடு சீராயிடுச்சு. ஒய்ஏஜி எனர்ஜியைப் பிடிச்சு வக்கிறது சுமார் 230 மைக்ரோசெகண்ட்தான், மெகாஹெர்ட்ஸ்ல வர்ற டயோட் நாய்ஸ் அதுல கரைஞ்சிடும், 100 ஹெர்ட்ஸ் அப்படியே வேலையில வந்து விழும்.

சேலம் சித்திரை வெயில்ல தண்ணியைக் குளிர வக்கிற சில்லர் திணறும். ஒரு டிகிரிக்கு டயோட் ஒளியோட அலைநீளம் 0.3 நானோமீட்டர் நகரும், 3 டிகிரி ஆடுனா கிட்டத்தட்ட 1 நானோமீட்டர், ராடு உறிஞ்சுற பட்டை ரொம்பக் குறுகல், அதனால அவுட்புட் மெதுவா இறங்கும். அதுக்காக மழைக்காலத்துலயும் தண்ணியை ரொம்ப குளிர வச்சிடாதீங்க, டயோட் மேல வேர்த்து ஈரம் கோத்துச்சுன்னா அப்புறம் நிஜமாவே போயிடும். ஏற்காடு மாதிரி பனிமூட்ட ஊர்ல வக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அதே பவருக்கு வருஷாவருஷம் கூடுதல் கரண்ட் கேட்டா அதுதான் நிஜத் தேய்மானம், அரேக்குக் காசு அப்ப போடுங்க. புதுசா ஃபைபர் லேசர் வாங்குறவங்களுக்கும் இதேதான், உள்ள பம்ப் பண்றது டயோட்தான், சப்ளையையும் கூலிங்கையும் பாத்து வாங்குங்க.