ஒரு கிராமத்தை அறிய எந்தக் கணக்கு உதவும்?

இந்தியக் கிராமம் ஒன்றில் யார் யார் வாழ்கிறார்கள் என்று தேடினால் கையில் கிடைப்பவை இரண்டு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதே ஆண்டு தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு.

முதலாவதன் அட்டவணையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரிசை இருக்கும். எத்தனை வீடு, ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அப்புறம் வேலை. வேலைப் பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவரும் விவசாயக் கூலியும் தனித்தனிக் கட்டங்களில் வருவார்கள். கூலிக் கட்டம் பெருத்திருந்தால், நிலம் சிலர் கையில்தான் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆண்டில் ஆறு மாதம்கூட வேலை கிடைக்காதவர்களுக்கும் தனிக் கட்டம் உண்டு. பல ஊர்களில் பெண்கள்தான் அதில் அதிகம்.

ஆனால் வறுமை எப்படி இருக்கிறது என்று இது சொல்லாது. அதை இரண்டாவது கணக்கு கேட்கிறது: மண் சுவரும் கூரையுமாக ஒரே அறையா? 16 முதல் 59 வயதுக்குள் ஆண் இல்லாமல் ஒரு பெண் தனியாகச் சுமக்கும் குடும்பமா? நிலமில்லாமல் உடலுழைப்புக் கூலியை நம்பியிருக்கிறதா? பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளை முதலில் தேர்ந்தெடுத்ததும் இதை வைத்துத்தான்.

சாதி விவரம் வேண்டுமென்றால் இரண்டுமே கைவிடும். முதலாவது பட்டியல் சாதி, பழங்குடியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதில் எல்லாரிடமும் சாதியைக் கேட்டார்கள், ஆனால் அந்த விவரத்தை வெளியிடவில்லை. சரி, ஊரின் அமைப்புக்கு முதலாவதையும், யாருக்கு உடனே உதவி தேவை என்பதற்கு இரண்டாவதையும் எடுப்பேன்.