எட்டு வருஷமாக அமெரிக்க ஸ்பெல்லிங்: எல்லாம் சரி, மீட்டர்தான் உறுத்துகிறது

பீளமேட்டில் புதிதாக டாக்குமென்டேஷன் டீம் தொடங்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். "ஏனுங்ணா, மேனுவல அமெரிக்கன் ஸ்பெல்லிங்ல எழுதறதுங்களா, பிரிட்டிஷ்லீங்களா? எது நல்லதுனு சொல்லிப்போடுங்க." உடனே சொல்ல வரவில்லை. எட்டு வருஷமாக அமெரிக்கனில்தான் எழுதுகிறேன். பம்ப், அதன் கன்ட்ரோல் பேனல், பேனலுக்கான வெப் ஸ்க்ரீன், மூன்றின் மேனுவலும் என் கையால் போவதுதான். நடுவில் நான்கு மாதம் பிரிட்டிஷுக்கும் போய் வந்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது பிரிட்டிஷ். கலரில் யு போட்டே பழகிய கை, மாற ஒரு மாதம் பிடித்தது. மாறிய பிறகு கிடைத்த நிம்மதி பெரிது, ஏனென்றால் ப்ரோகிராம் கோடிலும் மேனுவலிலும் ஸ்பெல்லிங் ஒரே மாதிரி இருக்கும். வெப் பக்கத்தின் நிறம், அமைப்பைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் நிறத்துக்கான ப்ராப்பர்ட்டியில் யு கிடையாது. யு சேர்த்துவிட்டால் பிரவுசர் எரர்கூடக் காட்டாது, அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போய்விடும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி-யின் ஆத்தரைசேஷன் ஹெடரில் எஸ் கிடையாது, இசட்தான். அமெரிக்கனில் எழுதுகிறவர் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

பிரிட்டிஷில் இருந்த நான்கு மாதத்தில் இதுதான் எங்களைப் படுத்தியது. இங்கிலாந்து கஸ்டமர் ஒருவருக்காக மாறினோம். டீமில் ஒருவர், ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒரே அடியாக மாற்றும் ரீப்ளேஸ் ஆல்-ஐ மொத்த ஃபைலுக்கும் கொடுத்துவிட்டார். கோடு மாதிரிகளுக்குள்ளும் யு புகுந்துவிட்டது. கஸ்டமர் அதை அப்படியே எடுத்து ஒட்ட, அலாரம் வந்தாலும் ஸ்க்ரீனில் சிவப்பு வரவில்லை. காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள். நியூசிலாந்துக்காரர் எழுதிய, கிராஃப் வரையும் ஜிஜிபிளாட்2 சாஃப்ட்வேர் கலரை யு-வோடும் யு இல்லாமலும் ஏற்றுக்கொள்ளும். சிஎஸ்எஸ்கூட சாம்பல் நிறத்தின் பெயரை ஏ போட்டாலும் ஈ போட்டாலும் எடுத்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் அந்தப் பெருந்தன்மை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

போதாததற்கு ஆர்கனைஸ் மாதிரி சொற்களில் எஸ்ஸா, இசட்டா என்ற சண்டை வேறு. பிரிட்டிஷ் என்றால் எஸ்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முதலில் காட்டுவது இசட். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள்: லேபரில் யு இருக்கிறது, ஆர்கனைசேஷனில் இசட் இருக்கிறது. இதைக் காட்டியும் டீமில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பழையபடி அமெரிக்கனுக்கே திரும்பினோம். அன்று எனக்கு மனசு லேசானது உண்மை.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். பிரிட்டிஷில் நீளத்துக்கான மீட்டர் ஆர்-ஈ என்று முடியும். அளக்கும் கருவியான மீட்டர் ஈ-ஆர் என்று முடியும். எஸ்ஐ அலகுகளை வரையறுக்கும் பாரிஸ் பக்கத்து அலுவலகத்தின் ஆங்கிலக் கையேடும் ஆர்-ஈ என்றே எழுதுகிறது. அமெரிக்கனில் இரண்டுமே ஈ-ஆர். நீளத்தையும் கருவியையும் எழுத்தில் பிரித்துக்காட்ட வழியில்லை. கதை எழுதுகிறவருக்கு இது பெரிதில்லை. பம்ப் மேனுவலில் மைக்ரோமீட்டர் வரும்போது நிலைமை வேறு.

எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் என்றால் கையில் பிடித்துத் திருகும் கருவி. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஃபிட்டர்கள் மைக்ரான் என்பார்கள். "இருபது மைக்ரான் தேஞ்சிருக்குங்க" என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் மைக்ரான் என்ற பெயரை 1967-68-இல் கூடிய சர்வதேச எடை அளவு மாநாடு நீக்கிவிட்டது, அந்த அளவின் முறையான பெயரும் மைக்ரோமீட்டர்தான். அதனால் எங்கள் ஸ்டைல் கைடிலும் அதற்கு இடமில்லை. சொல்லுக்குப் பதில் மியூ எம் (µm) என்று குறியீடு போடலாம்தான். பழைய சிம்பல் ஃபான்ட்டில் அடித்த மியூ, ஃபான்ட் மாறினால் வெறும் எம் ஆகிவிடும், ஐம்பது மைக்ரான் ஐம்பது மில்லிமீட்டராகிவிடும். அந்த பயத்தில் அலகை முழுச் சொல்லாக எழுதும் விதி வைத்தோம். சொல்லாக எழுதினால் அமெரிக்கனில் அது கருவியின் பெயர்.

பராமரிப்பு அட்டவணையில், பம்ப் தண்டின் மேல் மாட்டும் உறைக்கு ஒரு வரி: ஷாஃப்ட் ஸ்லீவ், தேய்மானச் சோதனை, 50 மைக்ரோமீட்டர். தமிழிலும் அப்படியே போனது. திருப்பூர் சாயப்பட்டறை ஃபிட்டர் ஒருவர் அதை 25-50 மில்லிமீட்டர் சைஸ் மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கருவிகள் 0-25, 25-50 என்றுதான் கிடைக்கும். அவர் ஒழுங்காக அளந்தார். எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது எங்கும் இல்லை என்று நினைத்து, பழைய ஸ்லீவையே திரும்பப் போட்டார். இரண்டு வாரத்தில் சீல் ஒழுகிவிட்டது. அவர் போனில் அந்த வரியை வாசித்துக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது.

நியாயமாகப் பேசினால், தலைப்பில் 'அதிகபட்சத் தேய்மானம்' என்று நான் எழுதியிருக்க வேண்டும். தமிழிலும் துணி மீட்டர், கரண்டு மீட்டர் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இருந்தாலும் ஆங்கில மூலத்தில் ஆர்-ஈ இருந்திருந்தால், மொழிபெயர்த்த அம்மா அதைப் பார்த்ததும் மைக்ரான் என்று மாற்றியிருப்பார். அந்த வாய்ப்பை ஸ்பெல்லிங் அவருக்குத் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நான் மேலே எழுதியதை எண்ணிப் பார்த்தால் அமெரிக்கன் பக்கம்தான் கனக்கிறது. ஆனாலும் நேற்று அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இப்படித்தான் சொன்னேன்: "பிரிட்டிஷ்லயே எழுதுங்க தம்பி, இசட் வெச்சே எழுதுங்க. ஆர்-ஈ மீட்டரை மட்டும் விட்டுராதீங்க. கோடு மாதிரி இருக்கற பக்கத்துல ரீப்ளேஸ் ஆல் அழுத்த யாரையும் விடாதீங்க."