ஹட்டன் கடையில் வாங்கிய எலுமிச்சைத் தோல் எண்ணெய்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் ஆயுர்வேதப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் 10 மில்லிலீற்றர் எலுமிச்சை எண்ணெய்ப் போத்தலை 1,200 ரூபாய்க்கு வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். எண்ணெயில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இதைக் குடிக்கலாம், முகத்தில் பூசலாம் என்று போத்தலோடு தரப்படும் துண்டுப்பிரசுரம் சொல்வதை நம்பி யாரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

கடும் பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தலின் வாயில், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மட்டும் விழவிடும் அடைப்பான் இருக்கிறது. பழத்தோலை வெப்பமின்றி அழுத்திப் பிழிந்த எண்ணெய் என்று லேபிளில் குறித்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். மறுநாள் காலையில் மெல்லிய மஞ்சள் தடம் மட்டும் எஞ்சியிருந்தது. தேங்காயெண்ணெய் போன்ற எதையாவது கலந்திருந்தால், அந்த இடம் எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவும்படி ஆகியிருக்கும். மணமும் பழத்தோலை நகத்தால் கீறும்போது எழும் மணமேதான். எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன் என்ற மணப்பொருள். எலுமிச்சைக்கே உரிய கூர்மையைத் தருவது சிறிதளவே உள்ள சிட்ரால் என்ற இன்னொரு மணப்பொருள்.

மழை விடாமல் பெய்யும் மாதங்களில், துணி காயாமல் வீடு முழுக்கப் பூஞ்சண நெடி அடிக்கும்போது, ஒரு கிண்ணம் சுடுநீரில் மூன்று சொட்டு விட்டு வைத்தால் அறை தெளிகிறது. நெடிதான் அடங்குகிறதே தவிரப் பூஞ்சணம் அப்படியே இருக்கிறது; அதற்குக் கூரை ஒழுக்கை அடைப்பதும் ஜன்னலைத் திறந்துவைப்பதுமே வழி. கினிகத்தேனை ஊரின் மலைப்பாதை வளைவுகளில் பஸ் இறங்கும்போது குமட்டலால் அவதிப்படும் என் தங்கைக்கு, கைக்குட்டையில் விட்ட ஒரு சொட்டு பெரிய ஆறுதல். ஈரானில் 100 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றிலும், எலுமிச்சை எண்ணெயை முகர்ந்தவர்களுக்கு, வாதுமை எண்ணெயை முகர்ந்தவர்களைவிடக் குமட்டலும் வாந்தியும் குறைந்திருந்தன. பஸ் பயணக் குமட்டலுக்கு அது நேரடிச் சான்று ஆகாதெனினும், மணத்தின் பயனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது.

இனித் துண்டுப்பிரசுரத்துக்கு வருகிறேன். “ரெண்டு சொட்டு சுடுதண்ணியில விட்டுக் குடிங்க அக்கா, விற்றமின் சி கிடைக்கும்” என்று கடைக்காரத் தம்பி சொன்னதும் அதைப் படித்துத்தான். விற்றமின் சி நீரில் கரைவது. அது பழச்சாற்றில் இருக்கிறதே ஒழியத் தோலிலிருந்து பிழியும் எண்ணெயில் சேர்வதில்லை. 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் அது சுமார் 39 மில்லிகிராம் உண்டு. சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்கும் நம் தோட்டப்புறத்து வழக்கத்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது; அது சேர விற்றமின் சி உதவுகிறது. ஆகவே இரத்தசோகையால் களைத்துப்போகும் பெண்களுக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய கீரையில் பிழியும் அரை எலுமிச்சம்பழமும், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், இந்தப் போத்தல் தராத பயனைத் தரும். செறிந்த எண்ணெயைக் குடிப்பதோ வாயையும் வயிற்றையும் புண்ணாக்கக்கூடும்.

அதைவிட ஆபத்தானது, நிறம் வெளுக்க முகத்தில் பூசிக்கொள்ளலாம் என்ற வாசகம். அழுத்திப் பிழிந்த எலுமிச்சை எண்ணெயில் உள்ள பேர்கப்டென் போன்ற பொருட்கள், சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போன்ற கொப்புளங்களையும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளையும் உண்டாக்கும். அதனால்தான் சருமத்தில் தங்கும் பொருட்களில் இந்த எண்ணெய் 2 வீதத்தைத் தாண்டக் கூடாது என அனைத்துலக நறுமணச் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. மலை உயரத்தில் புறஊதாக் கதிர்களின் கடுமை அதிகம். நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒருவர் இதைப் பூசிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அச்சிட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

மணத்துக்காக வாங்குவதாயின் 1,200 ரூபாய் தகும். சொட்டுக் கணக்கில் செலவாவதால் போத்தல் நெடுநாள் வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர்களோ பூனையோ இருந்தால் வேண்டாம். மூடியை இறுக்கி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழையதாகும் லிமோனீன் சருமத்தில் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், மணம் மாறிய எண்ணெயைத் தொடாமல் அகற்றிவிடுங்கள்.